மூன்றாவது கேள்வி

நான் வேலை செய்த பண்ணையில் குதிரை ஏற வருகிறவர்கள் இப்போது எல்லாக் கேள்விகளுக்கும் வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்லிவிடுகிறார்கள். வயது, நிறை, உயரம், முன் அனுபவம், நோய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. விரலால் தொட்டால் சரி விழும். வாசலில் வந்து போனைக் காட்டினால் தலைக்கவசத்தைக் கொடுத்து உள்ளே அனுப்புவார்கள். போன மாதம் பழைய ஆட்களைப் பார்க்கப் போயிருந்தேன். என் இடத்தில் இப்போது சவாரிகளைக் கூட்டிப் போகிற டெனிஸ், தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நேரம் மிச்சம்தான், மினா. ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த மனிதரின் ஞாபகம் வருகிறது. நீ அதை எங்கேயாவது எழுதி வையேன்."

டெனிஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால், நடந்ததைவிட ஒழுங்காக நடந்தது போல எழுதிவிடுவேனோ என்று எனக்குப் பயம். நடந்தது தொடங்கியதே தமிழில்தான். ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

என் முழுப்பெயர் பிலோமினா. மன்னாரில் பிறந்தவள். குதிரை வேலை என்றதும், சின்ன வயதிலேயே பழக்கமோ என்று கேட்பார்கள். எங்கள் ஊர்த் தெருக்களில் திரிந்தவை கழுதைகள். அவற்றைக் கண்டால் தெருவின் மற்றக் கரையால் போவது மட்டும்தான் என் பழக்கம். முதன்முதலாகக் குதிரையைத் தொட்டது வட ஜெர்மனியில், அகதியாகப் போன பிறகு, முப்பது வயதுக்கு மேல். எங்களைத் தங்க வைத்திருந்த கட்டடத்துக்குப் பின்னால் ஒரு லாயம் இருந்தது. சாணம் அள்ளப் போனேன். பிறகு தண்ணீர் வைக்க, பிறகு தேய்த்துக் கழுவ, பிறகு ஆள் குறைந்த ஒரு நாளில் ஏறி நடத்த. விழுந்தேன், ஏறினேன். எட்டு வருடம் அப்படிப் போயிற்று. பிள்ளைகள் வளர்ந்தார்கள், சொந்தக்காரர் எல்லாம் லண்டனில் இருந்தார்கள், நாங்களும் ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு பிளேஸ்டோவுக்கு வந்து சேர்ந்தோம்.

என் கணவருக்கு ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை கிடைத்தது. காலையில் இருவரும் ஒரே ரெயிலில் ஏறுவோம். அவர் ஈஸ்ட் ஹாமில் இறங்கிவிடுவார். நான் கடைசி நிறுத்தமான அப்மின்ஸ்டர் வரை போய், ஒரு பஸ் பிடித்து, பிறகு பதினைந்து நிமிடம் நடப்பேன். அந்த இடத்தில் லண்டன் முடிந்து வயல்கள் தொடங்கிவிடும். மாதா கோவிலில் என்னைக் 'குதிரை அக்கா' என்றார்கள். பகிடியாகத் தொடங்கியது, பிறகு அதுவே பெயராகிவிட்டது.

அது உண்மையான மாட்டுப் பண்ணை. சிவப்பு உடம்பும் வெள்ளை முகமுமாக நூற்றுக்கு மேல் இறைச்சி மாடுகள். பதினான்கு குதிரைகள். மாடு மட்டும் வளர்த்துப் பண்ணையைக் காப்பாற்ற ஏலாது என்று கண்ட பிறகு, பண்ணைக்காரி ஜூடித் குதிரைச் சவாரியைத் தொடங்கியிருந்தார். வருகிறவர்களை இரண்டு மணி நேரம் வயல்களுக்குள்ளால் கூட்டிப் போவோம். மாடுகளை ஒரு வயலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நாள்களில், அவர்களும் குதிரையில் பின்னால் வந்து மாடு ஓட்டலாம். அந்தச் சவாரிக்குத்தான் ஆட்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்.

ஜூடித்துக்கு அப்போது அறுபது வயது இருக்கும். ஒல்லியான உயர்ந்த மனுசி. நான் வேலை கேட்டுப் போன அன்று ஜெர்மனியிலிருந்து நான் கொண்டுவந்த சான்றுக் கடிதங்களை அவர் பார்க்கவில்லை. கயிறு ஒன்றைக் கையில் தந்து, வயலில் நின்ற ஒரு சாம்பல் குதிரையைப் பிடித்துவரச் சொன்னார். நான் கிட்டப் போகப் போக அது விலகிப் போனது. மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றேன். கால் மணி நேரத்தில் கழுத்துக்குப் பின்னால் மூச்சுச் சூடு பட்டது. கூட்டிக்கொண்டு வந்தேன். வேலியில் சாய்ந்து நின்ற ஜூடித், "திங்கட்கிழமை, ஏழு மணி" என்றார். அவ்வளவுதான் நேர்முகம்.

அவர் கத்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. வேலை சரியாக இருந்தால் "சரி" என்பார். சரியில்லை என்றால் "இன்னொரு தடவை" என்பார். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு சேர்த்துக் கட்டும் வாரை மூன்று தடவை இறுக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். லாயத்தை விட்டு வெளியே கொண்டுவர முன் ஒரு தடவை, ஆள் ஏற முன் ஒரு தடவை, ஏறிப் பத்து நிமிடம் நடந்த பிறகு ஒரு தடவை. குதிரை கெட்டிக்காரச் சீவன். வார் கட்டும்போது மூச்சை இழுத்து வயிற்றை ஊதிக்கொள்ளும். பிறகு நடக்கும்போது மூச்சை விட, வார் தளர்ந்து சேணம் சரியும். மூன்றாவது தடவை நான் இறுக்க மறந்த ஒரு நாள், ஜூடித் முழு வரிசையையும் நிறுத்தி, என்னை இறங்கச் செய்து, ஆறு குதிரைகளின் வாரையும் எனக்கு முன்னால் தானே இறுக்கினார். அதன் பிறகு நான் மறக்கவில்லை.

வயல் வாசல்களில் இருந்த படலைகளுக்கும் அப்படி ஒரு முறை இருந்தது. முன்னால் போகிறவள் இரும்புப் படலையைத் திறந்து பிடிக்க, எல்லோரும் உள்ளே போய், கடைசி ஆள் வந்து படலை பூட்டும் சத்தம் கேட்கும்வரை ஒரு குதிரையும் நகரக் கூடாது. மற்றவை போய்விட்டன என்று கண்டால் பின்னால் நிற்கும் குதிரைக்குப் பயம் பிடித்துவிடும். மாடுகளுக்குள் போனால் நடை மட்டும்தான். தாயையும் கன்றையும் பிரித்துக்கொண்டு இடையில் போகவே கூடாது. நாம் வருவது தெரிவதற்காகக் கதைத்துக்கொண்டே போக வேண்டும். ஆங்கிலேயப் பெண்கள் மாடுகளுக்குப் பாட்டுப் பாடுவார்கள். எனக்கு வாயில் வந்தது "நட, நட, போ, போ" தான். மாடுகள் அதற்கும் நடந்தன. பிறகு சவாரிக்கு வந்தவர்களும் பின்னாலிருந்து "நட, நட" என்று கத்தத் தொடங்கினார்கள். ஜூடித் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் எல்லாவற்றையும்விட அவர் விடாப்பிடியாக இருந்தது கேள்விகளில். அந்தக் காலத்தில் வருகிறவர்கள் பேனாவால் ஒரு படிவம் நிரப்புவார்கள். அதை வாங்கி வைத்துவிட்டு, ஜூடித் ஒவ்வொருவரையும் முகத்துக்கு நேரே பார்த்து மூன்று கேள்வி கேட்பார். கடைசியாகக் குதிரையில் எப்போது இருந்தீர்கள்? உடம்பில் எங்கே நோகிறது? எனக்கு இன்னும் சொல்லாதது என்ன? மூன்றாவதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். சிலர் சிரிப்பார்கள், சிலருக்குக் கோபம் வரும். ஆனால் அந்த அமைதியில் பலர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மூன்று மாதக் கர்ப்பம் என்பார்கள். போன மாதம்தான் முதுகில் ஆபரேஷன் என்பார்கள். ஜூடித் தலையை ஆட்டி, அதற்கேற்ற குதிரையைக் கொடுப்பார், அல்லது கொடுக்க மாட்டார்.

ஒரு சனிக்கிழமை மிருக வைத்தியரோடு அவர் மாட்டுக் கொட்டகையில் நிற்க வேண்டியிருந்தது. அன்று கேள்வி கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. வந்தவர்களில் ஒருவர் தமிழர். ஐம்பத்தைந்து வயது இருக்கும், தோள் அகன்ற மனிதர், பெயர் செல்வராஜா. பிரான்சில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, கிங்ஸ்பரியில் குடியிருந்து, எலெக்ட்ரீஷியன் வேலை செய்கிறவர். என்னைக் கண்டதும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"இஞ்ச ஒரு தமிழ் ஆளைக் காணுவன் எண்டு நான் நினைக்கேல்லை" என்றார்.

முதல் இரண்டு கேள்விக்கும் உடனே பதில் வந்தது. மூன்றாவதைத் தமிழில் கேட்டேன். "அண்ணை, நீங்கள் இன்னும் சொல்லாதது என்ன?" கேட்டுவிட்டு, ஜூடித்தைப் போல நானும் பேசாமல் நின்றேன்.

அவர் பின்னால் நின்றவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, உங்களுக்கு மட்டும் சொல்லுறன். எனக்கு ரெண்டு தரம் வலிப்பு வந்தது. கடைசியா வந்தது எட்டு மாதத்துக்கு முதல். இப்ப மருந்து எடுக்கிறன், ஒண்டும் இல்லை. ஆனா லைசென்ஸைத் திருப்பி வாங்கிப் போட்டாங்கள்."

"அப்ப ஏலாது அண்ணை" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"கேளுங்கோ. என்ர வானை இப்ப என்ர மருமகன் ஓட்டுறான். என்ர வானில, என்ர சாமான்களோட, நான் பக்கத்துச் சீற்றில பார்சல் மாதிரி இருந்து போறன். பஸ்ஸில ஏறினாலும் ஆரோ கொண்டு போகினம், ரெயிலில ஏறினாலும் ஆரோ கொண்டு போகினம். ஒருக்கா, ஒரே ஒருக்கா, நானே ஒண்டைத் திருப்பி, அது நான் சொல்லுற பக்கம் போறதைப் பாக்கவேணும். அவ்வளவுதான் ஆசை."

படிவத்தில் நோய்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். நான் அதை மற்றப் படிவங்களோடு சேர்த்து வைத்தேன். எங்களிடம் இருந்ததில் மிகச் சாதுவான குதிரையான பார்லியை அவருக்குக் கொடுத்தேன். எனக்கு நேர் பின்னால் வர வைத்தேன். அப்படிச் செய்ததால் பாதி தவறைச் சரிசெய்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இறங்கிய செல்வராஜா, பார்லியின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனியும் வந்தார். கிங்ஸ்பரியிலிருந்து ஜூபிலி லைனில் வெஸ்ட் ஹாம் வந்து, மாறி, அப்மின்ஸ்டர் வர ஒன்றரை மணி நேரம். ஒரு நாளும் பிந்தவில்லை. அவர் பழைய வாடிக்கையாளர் ஆகிவிட்டதால் ஜூடித் அவரிடம் திரும்பக் கேள்வி கேட்கவில்லை. அந்த ஐந்து வாரத்தில் ஜூடித்தோடு எத்தனையோ தடவை தனியாக நின்றேன். சேணங்களைத் துடைத்தோம், தேநீர் குடித்தோம். சொல்ல இடம் இருந்தது. நான் சொல்லவில்லை. செல்வராஜா நன்றாக ஏறுகிறார், முகம் தெளிந்து வருகிறது, இப்போது போய்ச் சொல்லிக் கெடுப்பதா என்று நினைத்தேன்.

ஆறாவது சனி செப்டெம்பரில் வந்தது. அன்று கீழ் வயலிலிருந்து மேல் வயலுக்கு மாடு மாற்றும் சவாரி. முன்னால் நான், எனக்குப் பின்னால் செல்வராஜா, பிறகு ஓர் ஆங்கிலேயத் தம்பதி, வரிசையின் கடைசியில் டெனிஸ். மாடுகள் தம் பாட்டில் நடந்தன. பாதி வழியில், ஒரு கன்று புல்லுக்குள் படுத்துக் கிடக்க, அதன் தாய் தள்ளி நின்று எங்களைப் பார்த்தது. நான் வரிசையை அகலமாகச் சுற்றிக் கொண்டுபோகத் திரும்பினேன். "அண்ணை, வலப்பக்கம் திருப்புங்கோ" என்றேன்.

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவருடைய கண் திறந்திருந்தது. பார்வை என்னில் இல்லை. தலை ஒரு பக்கமாக இழுபட்டுப் போனது. ஒரு கை பார்லியின் பிடரி மயிரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கடிவாள வார் கழுத்தில் தொங்க, பார்லி நேரே நடந்துகொண்டிருந்தது. நான் குதிரையைத் திருப்பிக் கிட்டப் போவதற்குள் அவர் சரிந்து விழுந்தார். விழுந்த இடம் தாய் மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே.

பார்லி ஓடவில்லை. நான்கு காலையும் ஊன்றி, அவருக்குப் பக்கத்தில் மரம் போல நின்றது. ஆனால் தாய் மாடு தலையைத் தாழ்த்திக்கொண்டு வரத் தொடங்கியது.

நான் இறங்கினால் அவரைப் பார்க்கலாம், மாட்டைத் தடுக்க ஏலாது. குதிரையில் இருந்தால் மாட்டைத் தடுக்கலாம், அவரைப் பார்க்க ஏலாது. இறங்கவில்லை. என் குதிரையை அவருக்கும் மாட்டுக்கும் இடையில் குறுக்கே நிறுத்தினேன். தம்பதியைப் படலைக்குப் போகச் சொல்லிக் கத்தினேன். டெனிஸ் தன் குதிரையை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். வந்தவள் அவரைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தாள்.

"தூக்காதே! பக்கவாட்டில் திருப்பு! வலிப்பு, அவருக்கு வலிப்பு நோய் இருக்கிறது!" என்று குதிரையிலிருந்தே கத்தினேன்.

டெனிஸ் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். "உனக்குத் தெரியுமா?" என்றாள்.

மாடு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் என் குதிரை நடுங்கிக்கொண்டே நின்று கொடுத்தது. மூன்றாவது தடவை வரும்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த மாட்டுக்கு எங்கள்மேல் கோபம் இல்லை, அதற்குக் கன்று வேண்டும் என்று. அவரை அசைக்க ஏலாது. ஆகவே கன்றுதான் எழும்ப வேண்டும். பின்வாங்கி, கன்றின் பக்கமாகப் போய், "நட, நட, எழும்பு" என்று கத்தினேன். அழுதுகொண்டு கத்தினேன் என்று டெனிஸ் பிறகு சொன்னாள். கன்று எழும்பித் தடுமாறி, எங்களைச் சுற்றிக்கொண்டு தாயிடம் ஓடியது. தாய் அதை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, எங்களைத் திரும்பியும் பார்க்காமல் மேல் வயலுக்குப் போனது.

அவர் கண் விழித்தபோது நான் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. தலைக்கவசம் பிளந்திருந்தது, தலைக்கு ஒன்றும் இல்லை. "தங்கச்சி, குதிரைக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். அம்புலன்ஸ் வரும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

பின்னேரம் ஜூடித் என்னைச் சேணங்கள் வைக்கும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் விபத்துப் புத்தகம் திறந்து கிடந்தது.

"மூன்றாவது கேள்வியை அவரிடம் கேட்டாயா?"

"கேட்டேன்."

"சொன்னாரா?"

"சொன்னார்."

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். "நீயே எழுது."

குதிரையில் ஏற முன்பே செல்வராஜா தன் வலிப்பைப் பற்றி என்னிடம் சொல்லியிருந்தார், நான் யாருக்கும் தெரிவிக்கவில்லை என்று எழுதினேன். ஜூடித் வாசித்தார். கீழே கையெழுத்து வைத்தார். "நாளையிலிருந்து நீ யாரையும் கூட்டிப் போக வேண்டாம்" என்றார். எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் வைத்தியசாலைக்குப் போனேன். அவருடைய மனைவி வசந்தி வார்டு வாசலில் நின்றார். நான் பெயரைச் சொன்னதும், "ஓ, நீங்கள்தானே மினா அக்கா" என்றார். கோபக் குரல் இல்லை. களைத்த குரல். "எனக்குப் பயம், போகவேண்டாம் எண்டு சொன்னனான். அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? அங்க ஒரு தமிழ் அக்கா நிக்கிறா, அவவுக்கு எல்லாம் தெரியும், நீ பயப்பிடாதை எண்டு. அந்த ஒரு சொல்லைக் கேட்டுத்தான் நான் விட்டனான்."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம் அக்கா."

எடுத்திருக்கலாம். செல்வராஜாவின் வருத்தத்தைக் கேட்டு நான் இரங்கினேன். அவருக்கு ஒரு வீடு இருக்கிறது, அதில் ஒரு மனுசி சனிக்கிழமைகளில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. இரக்கத்தில் இப்படி ஒரு குருடு இருப்பது எனக்கு அன்றைக்கு வரை தெரியாது.

இலையுதிர்காலமும் பனிக்காலமும் சாணம் அள்ளினேன். கணவர், "விட்டிட்டு வாரும், கடையில ஆள் தேவையாம்" என்றார். காலையில் ஈஸ்ட் ஹாமில் ரெயில் கதவு திறக்கும்போது, சில நாள்களில் அவரோடு இறங்கிவிடலாமா என்று இருக்கும். இறங்கவில்லை. ஒரு நாள் நான் தள்ளுவண்டியில் சாணம் ஏற்றிக்கொண்டிருக்க, ஜூடித் பக்கத்தில் வந்து நின்றார். "ஏன் மினா?" என்றார். அவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்கிறார்.

"என் மொழியில் சொன்னார்" என்றேன்.

அவர் யோசித்தார். "அது அவரை நம்புவதற்குக் காரணம். ஏற்றி விடுவதற்குக் காரணம் இல்லை" என்றார். தானும் சாணம் அள்ளும் முள்வாரி ஒன்றை எடுத்து என்னோடு சேர்ந்து அள்ளினார்.

வசந்த காலத்தில் ஒரு காலை, இரண்டு பேர் கொண்ட சிறு சவாரி. ஜூடித் தன் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டே, "நீ முன்னால் போ" என்றார். வரிசையின் கடைசியில் தானே வந்தார். திரும்பி வந்து இறங்கியதும், "சரி" என்றார்.

ஜூலையில் வசந்தி போன் எடுத்தார். நரம்பு வைத்தியர் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார், ஒருவர் பிடித்துக்கொண்டு நடத்தினால் ஏறலாமாம், உங்கள் முதலாளி விடுவாரோ என்று கேட்டார். ஜூடித் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். அடைப்பு வேலிக்குள் மட்டும், நடை மட்டும், கயிறு மினாவின் கையில், மனைவி கூட வர வேண்டும் என்றார். "கேள்விகளை நீதான் கேட்கிறாய். ஆங்கிலத்தில். எல்லோருக்கும் கேட்கும்படி."

கேட்டேன். செல்வராஜா நேராக நின்று, மற்றவர்கள் திரும்பிப் பார்க்க, "எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னார். முகம் சிவந்துபோய் இருந்தது.

பார்லியில் ஏற்றி, வாரை இறுக்கி, கயிற்றைப் பிடித்து நடத்தினேன். இரண்டு சுற்று வந்தோம். வேலிக்கு வெளியே வசந்தி இரண்டு கையாலும் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி" என்றார் அவர் மெல்ல. "இந்த நீட்டுப் பக்கம் மட்டும் ஒருக்கா கயிறை விடுங்கோவன். சின்னப் பிள்ளையை இழுக்கிற மாதிரிக் கிடக்கு."

"ஏலாது அண்ணை."

அந்தச் சொல்லைச் சொல்ல எனக்குப் பத்து மாதத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அரைச் சுற்று அப்படியே போனது. கோபித்துக்கொண்டார், இனி வர மாட்டார் என்று நினைத்தேன்.

"அப்ப எந்தப் பக்கம் போறது எண்டு நான் சொல்லலாமோ?"

"சொல்லுங்கோ. நீங்கள் திருப்புற பக்கம் நான் வாறன்."

அவர் கடிவாள வாரை இரண்டு கையாலும் எடுத்து, ஒன்றை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். பார்லி காதை அசைத்து, கழுத்தை வளைத்து, வேலியோரத்தை விட்டு நடுவெளிக்குத் திரும்பியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் திரும்பினேன்.